இரத்தக் காட்டேரிக் கதைகளை மகள் படிக்கலாமா?

கேள்வி: மன்னார்குடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள், ஓய்வு கிடைத்தால் ஆங்கிலத்தில் இரத்தக் காட்டேரிச் சிறுகதைகளையே படிக்கிறாள். கழுத்தைக் கடிப்பதும் இரத்தம் குடிப்பதுமாக எல்லாம் ஒரே கதைதானே? இப்போது கல்லூரி ஆண்டு மலருக்கு அவளே ஒன்று எழுதப்போவதாகச் சொல்கிறாள். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. தடுக்கலாமா?
– ஒரு தாய், திருவாரூர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

தடுக்க வேண்டாம். எல்லாம் ஒரே கதை என்பது திரைப்படச் சுவரொட்டிகளைப் பார்த்து வரும் எண்ணம். நாவலாக எழுதும்போது அந்த உருவம் எங்கிருந்து வந்தது, எதற்கு அஞ்சும், எப்படி அழியும் என்றெல்லாம் விளக்க வேண்டியிருக்கிறது. விளக்க விளக்க அச்சம் வடிந்துவிடுகிறது. சிறுகதைக்கு அந்தக் கடமை இல்லை. ஒரு வீடும், அதில் ஒருவர் உயிரை இன்னொருவர் உறிஞ்சும் ஓர் உறவும் போதும். அந்த உறவு எது என்பதை ஒவ்வோர் எழுத்தாளரும் தம் போக்கில் தேர்ந்துகொள்வதால்தான் இக்கதைகள் இத்தனை விதமாக இருக்கின்றன.

1819-இல் வெளியான ஜான் பாலிடோரியின் ஆங்கிலக் கதை, இரத்தம் குடிப்பவனைப் பிரபுக்களின் விருந்துக் கூடத்தில் கொண்டுவந்து அமர்த்தியது. 1836-இல் பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே படைத்த கிளாரிமோண்ட், தன்னைக் காதலிக்கும் பாதிரியாரின் கையில் தங்க ஊசியால் குத்தி, அவர் உயிருக்கு ஊறு வராத அளவுக்குச் சில துளிகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறாள். அவள்மேல் நமக்கு இரக்கமே மிகுகிறது. உருகுவேயில் பிறந்த ஓராசியோ கிரோகா 1907-இல் எழுதிய சில பக்கக் கதையிலோ பேயே கிடையாது. புதுமணப்பெண் நாளுக்கு நாள் வெளிறிப்போவதற்கான காரணம் அவளுடைய தலையணைக்குள் இருக்கிறது.

என்னை மிகவும் உலுக்கியவை வேறு இரண்டு. லியோ டால்ஸ்டாயின் உறவினரான அலெக்ஸி டால்ஸ்டாய் 1839-இல் எழுதிய கதையில், கொள்ளையனைத் தேடிப் புறப்படும் கிழவர், பத்து நாள் கடந்து திரும்பினால் தம்மை வீட்டுக்குள் விடக் கூடாது என்று மகன்களிடம் சொல்லிவிட்டுப் போகிறார். கெடு முடிகிற அந்த நேரத்திலேயே திரும்பி வந்து நிற்கிறார். வந்திருப்பது அப்பாதானா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை; வாசலில் நிற்கும் தகப்பனை உள்ளே வராதே என்று எந்தப் பிள்ளையால் சொல்ல முடியும்? அப்படிக் காட்டேரியாக மாறியவர்கள் அயலாரை விட்டுவிட்டுத் தாம் அன்பு வைத்தவர்களின் இரத்தத்தையே தேடுகிறார்கள் என்பதுதான் அக்கதையின் கொடுமை.

மற்றொன்று, அமெரிக்க எழுத்தாளர் மேரி வில்கின்ஸ் ஃப்ரீமன் 1902-இல் எழுதிய லூயெல்லா மில்லரின் கதை. லூயெல்லாவுக்குக் கோரைப்பல்லும் இல்லை, சவப்பெட்டியும் இல்லை. அழகும் இனிமையும் உடைய அவளுக்கு எந்த வேலையும் செய்யத் தெரியாது. கணவன், அவனுடைய சகோதரி, லூயெல்லாவின் சொந்த அத்தை என்று அவளுக்குச் சமைத்துப் போட்டுப் பார்த்துக்கொள்ள வருகிறவர்கள் ஒருவர்பின் ஒருவராக மெலிந்து மடிகிறார்கள். அவளோ தான் யாருக்கும் தீங்கு செய்ததாக உணர்வதே இல்லை. ஒருவருடைய சுகத்துக்காக மற்றவர்கள் தேய்ந்துபோகும் வீடுகளை நீங்களும் நானும் நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோம். உங்கள் மகள் இக்கதையைப் படித்திருந்தால், அதைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள்.

இவை நமக்கு அந்நியமானவை என்ற தயக்கமும் உங்களுக்கு வேண்டாம். செயங்கொண்டார் பிறந்த ஊராகச் சொல்லப்படும் தீபங்குடி உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவருடைய கலிங்கத்துப்பரணியில் பசியால் வாடிய பேய்கள், போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் அட்டு, கூடி உண்டு, குலோத்துங்கனை வாழ்த்துகின்றன. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யில் மனைவியின் கழுத்தில் தோன்றும் ஒரு துளி இரத்தத்துக்கு இன்றுவரை வாசகர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். காட்டேரிக்குப் படையல் போடும் குடும்பங்கள் காவிரிக் கரை ஊர்களில் இன்றும் உண்டு.

ஆங்கிலம் வராதது ஒரு தடையே அல்ல. மாலையில் அடுப்படி வேலை முடிந்ததும், படித்த கதை ஒன்றை மகளையே தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பயத்தை எங்கே நிறுத்துவது, எதை மறைத்து வைப்பது என்பது வாய்விட்டுச் சொல்லும்போதுதான் பிடிபடும். எழுதப்போகிறவளுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. தூக்கம் கெடுவதாகத் தெரிந்தால், படுக்கப்போகும் நேரத்தில் மட்டும் வேறு புத்தகம் படிக்கட்டும்.

அவள் எழுதும் கதையில் பனி மூடிய கோட்டையும் கறுப்பு அங்கியும் வேண்டாம் என்று என் சார்பில் சொல்லுங்கள். ஐப்பசி அடைமழையில் மின்சாரம் நின்ற இரவு, மூங்கில் கொத்து உரசும் வாய்க்கால் கரை, அறுவடைக் கூலிக்கு வந்து திண்ணையில் தங்கிய முகம் தெரியாத ஒருவர் என்று அவள் கண்ணால் கண்டவற்றிலிருந்தே தொடங்கலாம். அந்த வீட்டிலிருந்து எது களவு போகிறது, இரத்தமா, உறக்கமா, இளமையா என்பதை மட்டும் முதல் வரி எழுதுவதற்கு முன்பே அவள் முடிவு செய்துகொள்ள வேண்டும். மலர் அச்சானதும் அக்கதையை எனக்கும் அனுப்பி வையுங்கள்.