வடக்கே இருப்பவர்களின் மணல்

அன்புள்ள அம்மா,

உங்கள் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. சோழமண்டலக் கரையில் ஒரு சிற்றூர் எனக்குச் சொந்த ஊர். கல்லூரிக்குக் கிளம்பியவன், அதன் பிறகு கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும்தான் ஊர்ப்பக்கம் போயிருக்கிறேன். இப்போது புனேயில் வேலை. வயது 48. அப்பா போன பிறகு அம்மா மேலத்தெருப் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். வீட்டிலிருந்தே வேலை பார்க்க நிறுவனம் சம்மதித்துவிட்டது. ஊருக்கே திரும்பிவிடலாமா என்று ஓராண்டாக மனம் அலைபாய்கிறது.

மனைவிக்கு அரைமனம்தான். மகள் கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறையில் பார்க்கிற ஊர் வேறு, குடியிருக்கிற ஊர் வேறு என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். மருத்துவமனை தூரம், பேச்சுத்துணைக்கு ஆள் இருக்காது என்ற தயக்கமும் உண்டு. ஆனாலும் கடலைப் பார்த்தபடி ஒரு வீடு, பெரிய ஜன்னல், எந்நேரமும் காற்று என்பது என் நெடுநாள் கனவு. அதற்காகவே மூன்று ஆண்டுகளுக்கு முன் கரையோரம் ஒரு மனை வாங்கினேன். விதி தளர்ந்துவிட்டது, 50 மீட்டர் விட்டால் போதும் என்கிறார் தரகர். மணல்மேட்டைச் சமன்படுத்தி ஆழ்துளைக் கிணறும் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். கடலரிப்பு கொஞ்சம் இருக்கிறது. மனைக்காரர்கள் சிலர் சேர்ந்து, கருங்கல் சுவர் கேட்டு ஆட்சியருக்கு மனு கொடுத்திருக்கிறோம். கல் கொட்டிவிட்டால் பயமில்லை என்கிறார்கள்.

திரும்புவது சரிதானா? உங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் கருங்கல்லைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். இல்லையென்றால் ஊர் திரும்பலாமா என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. அது அவரவர் வீட்டில் முடிவாக வேண்டிய விஷயம்.

சிறியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மனைவிக்கு அரைமனம் என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு விரித்து எழுதிய இதையெல்லாம் அவரிடம் உட்கார்ந்து பேசினீர்களா? மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். படிப்பு முடிந்தால் அவள் தன் வழியில் போவாள், நீங்கள் போனதைப் போல. நண்பர்கள் சொல்வதை விடுங்கள். பேச்சுத்துணை வேண்டுமென்றால் வாசலில் போய் உட்கார வேண்டும், தானாக வராது. மருத்துவமனை தூரம் என்கிறீர்கள். அந்தத் தூரம் உங்கள் அம்மாவுக்கு இத்தனை நாளாக இல்லையா? முதுமையில் தனியாக அவர் இருக்கும் ஊரில், 48 வயதில் இருக்கப் பயமாக இருக்கிறது என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

கோபமாகச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் ஏக்கம் இருக்கிறது, அது உண்மையான ஏக்கம். கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு உள்நாட்டு ஊர்களில் ஏதோ ஒரு பக்கம் அடைத்துக் கிடப்பது போலவே இருக்கும். நானும் அப்படித்தான் வாழ்கிறேன். திரும்ப வேண்டும் என்று தோன்றுவதில் தவறே இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். கடல் வருகிறது, ஜன்னல் வருகிறது, காற்று வருகிறது. அம்மாவை விட்டால் ஊர்க்காரர் ஒருவர்கூட வரவில்லை. அந்தக் கரையில் படகு ஏற்றுகிறவர், வலை காயப்போடுகிறவர் எவரும் இல்லை. கடைசியில் போகிற போக்கில் ஒரு மனு வருகிறது. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த மனுதான்.

என் அத்தை வாழ்க்கைப்பட்டது எங்கள் ஊருக்கு வடக்கே அடுத்த ஊரில். இரண்டு ஊருக்கும் நடுவே சாலை சுற்றிப் போகும். நாங்கள் சாலையில் போனதே இல்லை. மாலையில் கிளம்பினால் ஈர மணலிலேயே நடந்து விளக்கு வைக்கும் நேரத்துக்கு அத்தை வீட்டில் இருப்போம். மாமா கரைவலை வைத்திருந்தார். கரைவலையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு படகு வலையை வளைவாகக் கடலில் இறக்கிவிட்டு வர, கரையில் இரண்டு கூட்டமாக நின்று இரண்டு முனைக் கயிற்றையும் இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று நெருங்கும். ஆண், பெண், கிழவர், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் என்று யார் கை வைத்தாலும் கொஞ்சம் மீன் உண்டு. கணவனை இழந்த பெண்கள் சிலருக்கு அன்றாடப் பிழைப்பே அந்தக் கயிறுதான். அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கல் இல்லாத, நீளமான மணற்கரை.

எங்கள் ஊரில் வெளிநாடு போய்ச் சம்பாதித்துத் திரும்பிய சிலர் கரையோரமாக வீடு கட்டினார்கள். நல்ல மனிதர்கள், ஊர் மேல் பாசம் உள்ளவர்கள். ஒரு மழைக்காலத்தில் கடல் அவர்கள் மதில் வரை வந்தது. மனு கொடுத்தார்கள். கல் வந்தது. அதன் பின் கடலுக்குள் நீட்டிக்கொண்டு தூண்டில் வளைவு என்கிற கல் தடுப்பும் வந்தது. அவர்கள் வீடுகள் நின்றன. அடுத்தடுத்த பருவங்களில் அத்தை ஊரின் கரை வருடத்துக்கு வருடம் குறுகியது. முதலில் வலை காயப்போடும் இடம் போனது. அப்புறம் படகு ஏற்றும் இடம் போனது. கரைவலை நின்றே போனது. மாமா அந்த வலையைப் பரணில் ஏற்றி வைத்தார், சாகும்வரை யாருக்கும் விற்கவில்லை. போன வாரம் அத்தை பேரன் ஒரு படம் அனுப்பியிருந்தான். நாங்கள் நடந்த வழியில் இப்போது கல்தான் கிடக்கிறது. அத்தை ஊருக்கும் கல் வந்துவிட்டது. இனி அதற்கும் வடக்கே உள்ள ஊர்.

தம்பி, இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். கரைமணல் ஓர் இடத்தில் கிடப்பதில்லை, நடந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதும். ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் மணல் கொஞ்சம் வடக்கே போகும். வடகிழக்குப் பருவத்தில் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், மாறி, மணல் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நம் கிழக்குக் கரையில் மணல் போவது வடக்கே. தீப்பிடித்த வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோக வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவார்களே, அப்படித் தெற்கு ஊர் கொடுப்பதைத்தான் வடக்கு ஊர் வாங்கி அடுத்த ஊருக்குக் கொடுக்கிறது. நடுவில் ஒருவர் வாளியைத் தன் காலடியில் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்?

சென்னையைப் பாருங்கள். 1870களின் நடுவில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881 புயல் அதைப் பெருமளவு உடைத்தது. மறுபடி கட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் அங்கே தேங்கி மெரினா அகலமானது. நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அந்த அகலத்தில் பெரும்பகுதி வடக்கே போயிருக்க வேண்டிய மணல். துறைமுகத்துக்கு வடக்கே உள்ள ராயபுரம் கரையை இழந்தது. அங்கிருந்து எண்ணூர் வரை இன்று கருங்கல்லும் தூண்டில் வளைவுகளுமாகக் கிடக்கிறது. புதுச்சேரியிலும் இதுதான் நடந்தது. 1980களில் துறைமுக வாயிலில் அலைதடுப்புச் சுவர்கள் வந்த பிறகு நகரத்துக் கடற்கரை மணல் முழுக்கப் போய், கல்வரிசையைத்தான் ஒரு தலைமுறை கடற்கரை என்று பார்த்து வளர்ந்தது. 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில் நீருக்கடியில் ஒரு தடுப்பை இறக்கிய பின்தான் ஒரு பகுதியில் மணல் திரும்பியது.

துறைமுகம் பெரிது, நம் சுவர் சிறியது என்று சொல்லப் போகிறீர்கள். கரைக்கு இணையாகக் கொட்டும் சுவரும் அதே வேலையைத்தான் செய்கிறது. மணற்சரிவில் ஏறும் அலை தன் வலுவை அங்கேயே செலவழித்துவிட்டு இறங்கும். கல்லில் மோதும் அலை மிச்ச வலுவோடு திரும்பி, சுவரின் அடியில் இருக்கும் மணலைப் பறித்துக்கொண்டு போகும். சில ஆண்டுகளில் சுவருக்கு முன்னால் இறங்கி நிற்கக்கூட மணல் இருக்காது. சுவர் எங்கே முடிகிறதோ அங்கே பக்கத்துக்காரரின் கரையைக் கடல் குடையும். அவர் மனு கொடுப்பார். இப்படியே வடக்கு நோக்கி ஒரு மனு இன்னொரு மனுவைப் பெற்றுக்கொண்டே போகும்.

கடல்மட்டம் உயர்வதால்தானே அரிப்பு என்று ஒரு சமாதானம் எல்லாரிடமும் இருக்கிறது. உயர்கிறது, மறுக்கவில்லை. 1901 முதல் 2018 வரை உலக அளவில் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பதாக ஐநாவின் காலநிலைக் குழு கணக்கிட்டிருக்கிறது. வேகமும் கூடியிருக்கிறது. வரும் தலைமுறைக்கு அது பெரிய ஆபத்து. ஆனால் அத்தை ஊரின் கரை சில பருவங்களுக்குள் போனதற்கு அதைக் காரணம் சொல்ல முடியாது. தெற்கே கல் போட்டோம். மேற்கே ஆறுகளில் அணை கட்டினோம், மிச்ச மணலை லாரியில் அள்ளினோம். காவிரியில் மேட்டூர் அணை 1934இல் எழுந்தது. அதற்கு மேலே வரும் மணலும் வண்டலும் அங்கேயே படிகின்றன. கடலுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கடல் எடுக்கிறது என்று புகார் சொல்கிறோம்.

உங்கள் தரகர் சொல்லும் 50 மீட்டரையும் பார்த்துவிடுவோம். 2011 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில் ஊரகக் கரைகளில் ஓதம் ஏறித் தொடும் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்று இருந்தது. 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்தது உண்மை. ஆனால் எல்லா ஊருக்கும் இல்லை. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் நெருக்கமான ஊரகப் பகுதிகளுக்கு மட்டும். மற்ற இடங்களில் 200 மீட்டர் அப்படியே இருக்கிறது. உங்கள் ஊர் எதில் சேரும் என்று தரகரைக் கேட்காதீர்கள், மாவட்டக் கடலோர வரைபடத்தைப் பாருங்கள். அனுமதி கிடைத்தாலும், கரை நகர்ந்துகொண்டிருக்கும் இடத்தில் இன்று அளந்த 50 மீட்டர் நாளைக்கு எத்தனை மீட்டராக இருக்கும்?

அவர் சமன்படுத்தித் தருவதாகச் சொல்லும் மணல்மேடு வீணாகக் கிடக்கும் மேடு இல்லை. அதில் படர்ந்திருக்கும் அடம்பும் இராவணன் மீசையும் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. புயலில் கரை இழக்கும் மணலை ஈடுகட்டும் சேமிப்பு அந்த மேடுதான். மழைநீரைத் தேக்கி வைப்பதும் அதுதான். கடலோரத்தில் நன்னீர் உப்புநீரின் மேலே மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயரம் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை உப்பு ஏறாது. அந்த ஒரு மீட்டரை மோட்டார் வைத்து இறைத்துவிட்டால் உப்பு அந்த அளவுக்கு மேலே வரும். உங்கள் ஆழ்துளைக் கிணறு உங்களுக்குச் சில ஆண்டு தண்ணீர் தரும். பக்கத்தில் தலைமுறைகளாக இரண்டு வாளி இறைத்துக் குடித்த கிணற்றையும் சேர்த்து உப்பாக்கும்.

உங்கள் மேலத்தெருப் பெரியவர்கள் ஏன் கடலுக்கு இவ்வளவு தள்ளி வீடு கட்டினார்கள் என்று ஒரு நாளாவது நினைத்திருக்கிறீர்களா? அவர்களுக்குக் கடற்காற்று பிடிக்காமல் இல்லை. கரை என்பது குடியிருக்கும் இடம் இல்லை, வேலை நடக்கும் இடம், கடல் வந்து போக விட்டுவைத்த இடம் என்று தெரிந்திருந்தார்கள். அந்த விலகலை உடைத்துக்கொண்டு ஜன்னல் வைக்க வருகிறவர்கள், ஊரை விட்டுப் போய் ஊர் ஞாபகத்தோடு திரும்புகிறவர்கள்தான். இதை நான் பல ஊர்களில் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் பாசத்தோடுதான் வருகிறார்கள், அதுதான் என்னை வதைக்கிறது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். திரும்புங்கள். அம்மா இருக்கும் வீட்டுக்குத் திரும்புங்கள். அந்த வீட்டை முதலில் ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டுங்கள். உப்புக்காற்று கம்பியைத் துருவாக்கி, துரு பெருத்துக் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். கூரையின் அடிப்பக்கத்தில் விரிசல் கம்பியின் போக்கிலேயே ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கோடை விடுமுறையில் போய் முடிவெடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மனைவியோடு போய் இருங்கள். மின்சாரம் போய், கதவு வீங்கி, துணி காயாமல் கிடக்கும் நாட்களில் அவருக்கு என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். கடல் பார்க்க வேண்டுமென்றால் மேலத்தெருவிலிருந்து நடந்து போங்கள். வழியில் நாலு பேரைப் பார்ப்பீர்கள், பேச்சுத்துணைக் கவலையும் அதில் பாதி தீரும்.

மனையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். மேட்டைத் தொடாமல் அப்படியே விடுங்கள். பணம் முடங்கும்தான், உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரிகிறது.

அந்த மனுவிலிருந்து மட்டும் கையெழுத்தைத் திரும்பப் பெறுங்கள். அதற்கு முன், உங்கள் மனைக்கு வடக்கே அடுத்த குப்பத்துக்குப் போய், அங்கே படகு ஏற்றுகிறவர்களிடம் அந்தக் கரை பத்து ஆண்டுகளுக்கு முன் எங்கே இருந்தது என்று கேளுங்கள். உங்கள் மனுவைப் பற்றி அவர்களிடமே சொல்லுங்கள். என்ன சொன்னார்கள் என்று எழுதி அனுப்பினால், ஒரு வரியும் குறைக்காமல் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.