ரிப்போர்ட் எல்லாம் நார்மல்... கால் மட்டும் ஏன் துவள்கிறது?

கேள்வி: அல்சூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 43. சில வருடங்களாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். ராத்திரியில் இரண்டு பாதமும் எரிகிறது. போதாததற்கு, மெஷின் மிதிக்கும்போது இடது கால் திடீரென்று துவண்டுவிடுகிறது. மூளை, முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ., நரம்புப் பரிசோதனை எல்லாமே நார்மல். பி12 மட்டும் 230, அதுவும் நார்மல்தான் என்றார்கள். "ஒன்றுமில்லை, மனப்பிரமை" என்கிறார் வீட்டுக்காரர். எனக்கே சந்தேகமாகிவிட்டது, டாக்டர்.
– வாசகி, பெங்களூரு

பதில்: சந்தேகமே வேண்டாம் அம்மா. உங்கள் கால் எரிவதும் உண்மை, துவள்வதும் உண்மை. ஆனால் இவை இரண்டும் ஒரே நோயாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை.

முதலில் எரிச்சல். உங்களுக்கு எடுத்த நரம்புப் பரிசோதனை தடிமனான நரம்பிழைகளை மட்டுமே அளக்கும். சூடு, எரிச்சலை உணர்த்தும் மெல்லிய இழைகள் பழுதாகியிருந்தால் அதில் தெரியாது. சர்க்கரைக்காரர்களுக்கு அவைதான் பல நேரம் முதலில் கெடும். தோலில் சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்தால் தெரியும். மெட்ஃபார்மின் பி12 சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். 230 என்பது லேபின் எல்லைக்குள் இருந்தாலும் எனக்குத் திருப்தியில்லை. பி12 உடம்புக்குப் போதுகிறதா என்று காட்டும் ஹோமோசிஸ்டீன் அல்லது மெத்தில்மலோனிக் அமில ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அடுத்து, துவளும் கால். எம்.ஆர்.ஐ. காட்டுவது மூளையின் அமைப்பை. நள்ளிரவில் சில்க் போர்டு சந்திப்பைப் படம் பிடித்தால் ரோடு நன்றாகத்தான் தெரியும், காலை நெரிசல் அதில் வராது. பழுதில்லாத மூளையிலும் கட்டளை போய்ச்சேர்வதில் கோளாறு வரும். இதைச் செயல்பாட்டு நரம்பியல் கோளாறு என்கிறோம். ஸ்கேனில் எதுவும் கிடைக்காததால் ஒட்டுகிற பெயர் இல்லை இது. படுக்க வைத்துச் சோதித்தே கண்டுபிடிக்கலாம். அமெரிக்க மருத்துவர் ஹூவர் 1908-இல் எழுதிய சோதனை ஒன்று உண்டு. இடது குதிகாலைக் கீழே அழுத்தச் சொன்னால் உங்களால் முடியாது. வலது காலைத் தூக்கச் சொல்லி நான் தடுத்தால், அதே இடது குதிகால் தானாக அழுத்தும். நரம்புப்பாதை பத்திரமாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. இந்தக் கோளாறு இருந்தால், இதில் பழகிய பிசியோதெரபிஸ்ட் தரும் பயிற்சியில் பலருக்கு நல்ல முன்னேற்றம் வருகிறது. "மனப்பிரமை" என்று சொல்லி அனுப்பிவிடுவதால் அந்த வாய்ப்பும் போய்விடுகிறது; எனக்குக் கோபம் வருவது அதில்தான்.

இனி புதிது புதிதாக ஸ்கேன் எடுக்காதீர்கள். ஒரே நரம்பியல் மருத்துவரிடம் தொடர்ந்து போங்கள். ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் நரம்பியலும் மனநலமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கால் துவளும்போது யாரையாவது போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், அது எனக்குப் பத்து ரிப்போர்ட்டுக்குச் சமம். வீட்டுக்காரரையும் கூட்டிப்போங்கள், அந்தக் குதிகால் சோதனையை அவரும் கண்ணால் பார்க்கட்டும்.

முகம் கோணுவது, பேச்சு குழறுவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, இவற்றில் எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.