நுண்ணுணர்வு மிகுந்தவருக்கு எந்த வேலை பொருந்தும்?

கேள்வி: வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். கூடத்தின் இரைச்சலும் ஓயாத தொலைபேசி அழைப்புகளும் மாலைக்குள் என்னை முற்றிலும் சோர்வடையச் செய்கின்றன. மேலதிகாரி வேறொருவரைக் கடிந்துகொண்டால்கூட அன்றிரவு எனக்குத் தூக்கம் வருவதில்லை. சிக்கலோடு பேசத் தொடங்குபவர் நிம்மதியோடு அழைப்பை முடிக்கும்போது மட்டும் மனம் நிறைகிறது. எல்லாவற்றையும் மனத்தில் போட்டுக்கொள்கிறாய் என்கிறார்கள் வீட்டில். மனிதர்களோடு அதிகம் பழகத் தேவையில்லாத தொழிலுக்கு மாறிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மாறலாம், ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக மாற வேண்டாம். உங்களைச் சோர்வடையச் செய்பவையாக நீங்கள் எழுதியிருப்பவை இரைச்சல், இடைவெளியின்மை, கடுஞ்சொல் ஆகிய மூன்றும்தான். மனிதர்களுக்கு உதவுவதோ, உங்களுக்கு நிறைவு தரும் ஒரே பகுதியாக இருக்கிறது. ஆளில்லாத அறையில் அமர்ந்து செய்யும் வேலைக்குப் போனால் முதல் சில வாரங்கள் அமைதி கிடைக்கும். அதன்பின் அந்த நிறைவு இல்லாத குறை பெரிதாகத் தெரியும் என்றே அஞ்சுகிறேன்.

ஒலி, பேச்சு, பிறரின் உணர்வுகள் போன்றவற்றால் மற்றவர்களைவிட ஆழமாகப் பாதிக்கப்படும் உங்கள் இயல்பைத்தான் நுண்ணுணர்வு என்கிறோம். அது குறையும் அன்று, நோயும் அன்று. அமெரிக்க உளவியலாளர் எலைன் ஏரன் 1990களில் இதை ஆராயத் தொடங்கி, கணவர் ஆர்தர் ஏரனுடன் இணைந்து 1997இல் இதை அளக்க 27 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். மக்களில் 15 முதல் 20 விழுக்காட்டினரிடம் இவ்வியல்பு மிகுந்திருக்கும் என்று அவர் கணித்தார். இவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் பிறரோடு கலந்து பழகுவதில் நாட்டம் உள்ளவர்கள் என்றும் அவர் சொல்வதை நீங்கள் கவனிக்க வேண்டும். நுண்ணுணர்வு வேறு, தனிமை விருப்பம் வேறு. ஜே பெல்ஸ்கி, மைக்கேல் புளூயெஸ் போன்ற ஆய்வாளர்கள் இன்னொன்றையும் வலியுறுத்துகிறார்கள்: இத்தகையோர் மோசமான சூழலால் மற்றவர்களைவிட அதிகம் பாதிக்கப்படுவதைப் போலவே, நல்ல சூழலால் மற்றவர்களைவிட அதிகப் பயனும் அடைகிறார்கள்.

ஆகவே 'நுண்ணுணர்வு மிக்கவர்களுக்கு ஏற்ற தொழில்கள்' என்று வரும் பட்டியல்களை நான் பெரிதாக மதிப்பதில்லை. நூலகர், எழுத்தாளர், வடிவமைப்பாளர் என்று அவை அடுக்குகின்றன. ஆனால் ஓயாமல் கெடு விதிக்கும் அலுவலகத்தில் வடிவமைப்பாளராக இருப்பது, நிதானமான மேலதிகாரியிடம் வாடிக்கையாளர் பணி செய்வதைவிடக் கொடியது. பதவியின் பெயரைவிட, அந்த நாள் எப்படிக் கழிகிறது என்பதே உங்களுக்கு முதன்மையானது. ஒரே நேரத்தில் எத்தனை பேர் உங்களிடம் எதிர்பார்க்கிறார்கள், இடையில் மூச்சுவிட நேரம் உண்டா, தவறு நேர்ந்தால் தனியே அழைத்துச் சொல்கிறார்களா, எல்லோர் முன்பும் சொல்கிறார்களா என்பவற்றைப் பாருங்கள்.

சில வாரங்களுக்கு, ஒவ்வொரு நாளும் எந்த வேலைக்குப் பின் களைத்தீர்கள், எந்த வேலைக்குப் பின் தெளிவாக இருந்தீர்கள் என்று குறித்துவையுங்கள். பிறகு இப்போதைய இடத்திலேயே எதை மாற்ற முடியும் என்று பாருங்கள். ஏமி ரெஸ்னியெவ்ஸ்கி, ஜேன் டட்டன் ஆகிய ஆய்வாளர்கள், ஊழியர்கள் தம் வேலையைத் தாமே வடிவமைத்துக்கொள்வது பற்றி 2001இல் எழுதினார்கள். மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள் சிலர் தம் பணியை நோயாளியின் நலம் பேணுவதன் பகுதியாகவே கண்டு, அதற்கேற்பத் தாமாகவே சில செயல்களைச் சேர்த்துக்கொண்டதை அவர்கள் கவனித்திருந்தார்கள். நீங்களும் எழுத்து வழியாக வரும் புகார்களைக் கையாளுதல், நெடுநாள் தீராத சிக்கல்களைப் பொறுமையாகத் தீர்த்தல், புதியவர்களுக்குத் தனித்தனியே பயிற்சி அளித்தல் போன்ற பொறுப்புகளைக் கேட்டுப் பெற முயலலாம். எதிரில் இருப்பவர் சொல்லாமல் விட்டதையும் உணர்ந்துகொள்ளும் உங்கள் திறன் இவற்றில்தான் முழுமையாகப் பயன்படும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஊழியர்களை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொள்வது அந்த மேலதிகாரியின் தவறு. அதைத் தாங்க முடியாதது உங்கள் பலவீனம் அன்று. அது வழக்கமாக நடக்கும் இடமானால், வேறு வேலை உறுதியானதும் விலகிவிடுங்கள். தூக்கமின்மை நீடித்தால் மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ தயங்காமல் பாருங்கள்.

கேள்வி: நேர்முகத் தேர்வில் என் நுண்ணுணர்வைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லலாமா?
– இன்னொரு வாசகர்

பதில்: அந்தப் பெயரைச் சொல்ல வேண்டிய தேவையில்லை, கேட்பவர் அதை எப்படிப் புரிந்துகொள்வார் என்பது உங்கள் கையில் இல்லை. தேவையைச் சொல்லுங்கள். 'குறுக்கீடில்லாத இரண்டு மணி நேரம் கிடைத்தால் பிழையின்றி முடித்துத் தருவேன்' என்பது எவருக்கும் விளங்கும். நீங்களும் கேள்வி கேளுங்கள்: இந்தப் பொறுப்பில் முன்பு இருந்தவர் ஏன் விலகினார், பணி குறித்த கருத்துகளை எப்படித் தெரிவிப்பீர்கள், அமர்ந்து வேலை செய்யும் இடத்தைப் பார்க்கலாமா? அந்த இடத்தைச் சுற்றிக்காட்டும்போது ஊழியர்கள் ஒருவரோடு ஒருவர் பேசும் தொனியைக் கவனியுங்கள். பிறர் தவறவிடும் அதை நீங்கள் எளிதில் கண்டுகொள்வீர்கள்.