கல்வெட்டு இல்லாத ஊர்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. இருநூறு தலைக்கட்டு, ஓர் ஏரி, நெல், கரும்பு. ஊர் வரலாற்றை எழுத ஆசை. பெரியவர்களோ, ‘இங்கே கல்வெட்டும் இல்லை, கோட்டையும் இல்லை, எதை எழுதுவாய்?’ என்கிறார்கள். எங்கே தொடங்குவது?

ச.

அன்புள்ள ச.,

கட்டாயம் எழுதுங்கள். உங்கள் மாவட்டத்து இருவேல்பட்டைப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களை ஆராய்ந்தார். தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சியோடு இருவேல்பட்டும் அதில் இருந்தது. ஆய்வாளர்கள் 1930களிலும் 1981இலும் 2008இலும் அங்கே திரும்பப் போனார்கள். கோட்டையைத் தேடி யாரும் போகவில்லை. நிலம் யார் கையில், கூலி என்ன, கடன் எவ்வளவு என்று கேட்டார்கள். 1916இல் கடனுக்குக் கட்டுண்டு தலைமுறையாக உழைத்த படியாட்கள் அங்கே இருந்தார்கள். 2008இல் அந்த முறையே இல்லை. ஒரு தமிழ்ச் சிற்றூரின் நூறாண்டு வரலாற்றில் இதைவிடப் பெரிய செய்தி எது?

உங்கள் ஊரில் ஏரியிலிருந்து தொடங்குங்கள். மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்ட நீர்க்கட்டி யார்? களத்துமேட்டில் அவருக்கு எத்தனை மரக்கால் நெல் அளந்தார்கள்? தண்ணீர் குறைந்த ஆண்டில் எந்த மடைக்கு முதலில் திறந்தார்கள், கடைமடைக்காரர்கள் என்ன செய்தார்கள்? மின்மோட்டார் வந்தபின் மதகைக் கவனிக்கும் வேலை யாரிடம் போனது? இவற்றுக்கு விடை தெரிந்தவர்கள் எண்பதைக் கடந்திருப்பார்கள். ஆகவே நூலகத்துக்கு முன் அவர்கள் திண்ணைக்குப் போங்கள்.

அடுத்து, ஊரின் நிலக் கணக்கை எழுதிவந்த பழைய கர்ணம் வீடு. 1980 நவம்பரில் தமிழக அரசு கர்ணம் போன்ற பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவியை ஒழித்தது. அந்த வீட்டுப் பரணில் ஏதாவது கணக்குக் கட்டு மிஞ்சியிருக்கலாம். கெஞ்சியாவது பாருங்கள். நிலத்தை அளந்து வரி நிர்ணயித்த செட்டில்மெண்ட் பதிவேடுகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடலாம். வயல்களின் பேச்சு வழக்குப் பெயர்களைச் சர்வே எண்ணோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். நம் ஊர் வரலாறுகள் பெரும்பாலும் கோயில் தர்மகர்த்தா வீட்டில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. பதிவேட்டில் பட்டாதாரர் பெயர்தான் இருக்கும். நாற்று நட்ட பெண்ணின் பெயரோ ஏர் ஓட்டிய ஆளின் பெயரோ இருக்காது. காலனித் தெருவுக்குப் போய், நிலக்காரர்கள் யாரும் கூட இல்லாமல், உட்கார்ந்து கேளுங்கள். கூலியாக எத்தனை படி நெல் கிடைத்தது, படியாளாக இருந்த கடைசி மனிதர் யார், எந்தக் குடும்பம் முதலில் சொந்த நிலம் வாங்கியது, அதற்கு என்ன எதிர்ப்பு வந்தது என்று கேளுங்கள். சொன்னவர் விரும்பாவிட்டால் அவர் பெயரை எழுத வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். அதற்காக அந்த அத்தியாயத்தை விட்டுவிடாதீர்கள். விட்டுவிட்டால் உங்கள் நூலில் நிலம் இருக்கும், உழைத்தவர் இருக்க மாட்டார்.

முதலில் நடவுப் பெண்களிடம் கேட்டு எழுதியதை அனுப்புங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.