கணினி கேள்வி-பதில்: பிளாகரை விட்டுக் கிளம்பலாமா?

கேள்வி: ஆறு வருடமாக பிளாகரில் லினக்ஸ் சர்வர் பராமரிப்பு, பைத்தான் பற்றித் தமிழில் எழுதி வருகிறேன். 63 பதிவுகள் ஆகிவிட்டன. டெம்ப்ளேட் பழசாகத் தெரிகிறது, நிரல்களை ஒட்டினால் சிதைகிறது. உடன் வேலை செய்யும் ஒருவர் மீடியம் என்ற எழுத்துத் தளத்துக்கு மாறச் சொல்கிறார். இன்னொருவர் கிட்ஹப் பேஜஸ் என்ற இலவசத் தள இடத்தில், எழுத்துக் கோப்புகளிலிருந்து வலைத்தளம் உருவாக்கும் ஹ்யூகோவைப் போடு என்கிறார். எனக்குக் கொஞ்சம் பழக்கமானது வேர்ட்பிரஸ். இந்தக் குழப்பத்தில் இரண்டு மாதமாக எதுவும் எழுதவில்லை. எங்கே போகலாம்? - ஒரு வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த இரண்டு மாதம்தான். அதனால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு பார்க்கலாம். இந்த வாரமே சொந்த டொமைன் ஒன்றை, அதாவது உங்களுக்கே உரிய இணைய முகவரிப் பெயரை, பதிவு செய்து, இப்போது இருக்கும் பிளாகரிலேயே இணையுங்கள். அடுத்த பதிவை அங்கேயே போடுங்கள். அப்புறம் அவசரமில்லாமல் ஹ்யூகோவுக்கு மாறுங்கள். மீடியத்தை உங்கள் பதிவுகளுக்கு வீடாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

டொமைனை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் அதைக் கடைசியில் யோசித்தவன். ஒரு காலத்தில் ஒரு இலவசச் சேவையில் நான்கு வருடம் டேட்டாபேஸ் பற்றி எழுதினேன். ஒருநாள் மூடப்போகிறோம் என்று மின்னஞ்சல் வந்தது. எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ள ஒரு ஜிப் கோப்பு கொடுத்தார்கள். இறக்கினேன், திறந்து பார்த்தேன், எழுத்தெல்லாம் இருந்தது. நிம்மதியாக மூடி வைத்துவிட்டேன். சில மாதம் கழித்து வேறு இடத்தில் ஏற்ற உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, கோப்பில் படங்கள் இல்லை, படங்களின் முகவரிகள் மட்டும் இருக்கின்றன. அந்த முகவரிகள் எல்லாம் அதற்குள் மூடிப்போன சர்வரைக் காட்டின. ரெப்ளிகேஷன் (டேட்டாபேஸின் நகலை இன்னொரு சர்வரில் தொடர்ந்து வைத்திருப்பது) அறுந்துபோனால் எப்படி மீட்பது என்று கையால் வரைந்து ஸ்கேன் செய்து போட்ட ஏழு படங்கள் அதோடு போயின. 'படம் 3-ஐப் பாருங்கள்' என்ற வரி மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதைவிடப் பெரிய இழப்பு வேறு. என் பதிவுகளுக்கு மற்றவர்கள் கொடுத்திருந்த இணைப்புகள் அத்தனையும் செத்துப்போயின. புதிய இடத்தில் அதே பதிவை ஏற்றினாலும், பழைய முகவரியில் வருகிறவருக்கு 'இங்கே போங்கள்' என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. அந்த முகவரி என்னுடையது அல்லவே.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் ஜியோசிட்டீஸ் என்ற இலவச வலைத்தளச் சேவை 2009 அக்டோபரில் மூடப்பட்டது. போஸ்டரஸ் என்ற வலைப்பதிவுச் சேவையை 2012-இல் ட்விட்டர் வாங்கியது, 2013 ஏப்ரல் 30-இல் சேவை நின்றது. நீங்கள் இருக்கும் பிளாகரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999-இல் தொடங்கி, 2003-இல் கூகுள் கைக்கு வந்து, இன்றும் நடக்கிறது. ஆனால் நடுவில் கூகுள் பிளஸ் வழியாகக் கருத்துரை எழுதும் வசதியைக் கொண்டுவந்தார்கள். 2019-இல் கூகுள் பிளஸ்ஸை மூடியபோது அந்தக் கருத்துரைகளும் போய்விட்டன. கடை திறந்திருந்தாலும் உள்ளே இருந்த சாமான் போகலாம்.

சரி, டொமைனை பிளாகரில் இணைத்தால் என்ன நடக்கும்? பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருகிறவர்களை அது தானாகவே உங்கள் புதிய பெயருக்கு அனுப்பிவிடும். தேடுபொறிகளும் சில வாரங்களில் புதிய பெயரைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு பின்னால் இருக்கும் இடத்தை மாற்றினாலும் வாசகருக்குத் தெரிய வேண்டியதில்லை. இந்த வரிசை முக்கியம். டொமைன் இல்லாமல் நேரே வேறு இடத்துக்குப் போனால், வருகிறவரைத் தானாகவே புதிய இடத்துக்கு அனுப்பும் முறையான நிரந்தர மறுவழியை வெளித் தளத்துக்கு வைக்க பிளாக்ஸ்பாட் முகவரியில் வசதி கிடையாது. இன்னொன்று, டொமைன் உங்கள் பெயரில், உங்கள் சொந்த மின்னஞ்சலில் பதிவாகட்டும். அந்த மின்னஞ்சலும் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அதைப் புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதமும் உங்களுக்கு வந்து சேராது.

இப்போது நிரல் சிதைவதற்கு வருவோம். ஒரு டெக்னிக்கல் பதிவருக்கு இடம் சரியா இல்லையா என்பதை இதில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. வாசகர் உங்கள் கமாண்டைக் காப்பி செய்து டெர்மினலில் ஒட்டுகிறார். அது ஓடவில்லை என்றால் பதிவில் மற்ற எல்லாம் அழகாக இருந்தும் பயனில்லை.

உங்களுக்கு நடந்தது எது என்று ஊகிக்க முடிகிறது. சர்வருக்குள் நுழையும் கமாண்டில், 'இங்கே உங்கள் பயனர்பெயர், இங்கே சர்வர் பெயர்' என்று காட்ட இரண்டையும் < > குறிகளுக்குள் எழுதுவோம். அதை பிளாகரின் எச்டிஎம்எல் பார்வையில் அப்படியே ஒட்டினால், அந்தக் குறிகளுக்குள் இருப்பதை பிரவுசர் ஏதோ ஒரு டேக் (பக்கத்தை அமைக்கும் குறியீடு) என்று நினைத்து விழுங்கிவிடும். வாசகர் கண்ணுக்குத் தெரிவது நடுவில் தனியாக நிற்கும் ஒரு @ மட்டும். வேர்ட்பிரஸில் வேறு மாதிரி. சாதாரணப் பத்தியில் கமாண்டை எழுதினால், நேரான மேற்கோள் குறிகளை அது வளைந்த குறிகளாக மாற்றிக் காட்டும், -- என்று இரண்டு கோடு போட்டால் ஒரே நீளக் கோடாக்கிவிடும். படிக்க அழகாகத்தான் இருக்கும், கமாண்டை ஓட்டும் ஷெல் ஏற்றுக்கொள்ளாது. நிரலுக்கென்று உள்ள கட்டத்துக்குள் போட்டால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அவசரத்தில் பத்தியின் நடுவே ஒரு கமாண்டைச் சொல்லும்போதுதான் மறந்துபோகும்.

அதனால் ஒரு சோதனை சொல்கிறேன். உங்கள் 63 பதிவுகளில் மிகவும் கடினமான ஒன்றை எடுங்கள். அதில் நீளமான கமாண்ட், உள்தள்ளிய பைத்தான் நிரல், ஒரு அட்டவணை, < > குறி எல்லாம் இருக்க வேண்டும். யோசிக்கும் ஒவ்வொரு இடத்திலும் அதை ஏற்றி, வெளியான பக்கத்தைத் திறந்து, அங்கிருந்து காப்பி செய்து ஓட்டிப் பாருங்கள். எடிட்டரில் இருந்து காப்பி செய்தால் செல்லாது, வாசகர் பார்க்கும் பக்கத்திலிருந்து செய்யுங்கள். ஒரு மாலை போதும்.

மீடியம் இந்தச் சோதனையில் அட்டவணையில் தடுக்கும். அதற்கு அங்கே வசதி இல்லை, படமாக எடுத்துப் போட வேண்டியிருக்கும். படத்தில் இருக்கும் எண்ணைக் காப்பி செய்யவும் முடியாது, தேடவும் முடியாது. மற்றபடி எழுதுவதற்கு அது சுகமான இடம்தான். அதை 2012-இல் தொடங்கிய எவன் வில்லியம்ஸ்தான் பிளாகரை உருவாக்கியவர்களிலும் ஒருவர், எழுதுகிறவர்களின் மனசு தெரிந்தவர். ஆனால் உறுப்பினருக்கு மட்டும் என்று போட்ட பதிவை மற்றவர்கள் முழுதாகப் படிக்க முடியாது. நள்ளிரவில் சர்வர் விழுந்து, பிழைச்செய்தியைத் தேடி வருகிறவருக்குப் பாதியில் ஒரு சுவர் எழும்பினால் எப்படி இருக்கும்? சர்வர் பார்க்கிற உங்களுக்கு அந்த நேரம் எப்படிப்பட்டது என்று தெரியும்.

வேர்ட்பிரஸ் 2003-இலிருந்து இருக்கும் திறமூல மென்பொருள். எல்லாம் செய்யும். ஆனால் சொந்தமாக நிறுவினால் அப்டேட், பிளக்இன், பேக்கப் என்று பகலில் பார்க்கிற அதே வேலையை இரவிலும் பார்க்க வேண்டும். மாதம் ஒரு பதிவுக்கு அது தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஹ்யூகோவை நான் சொல்வதற்குக் காரணம் அதன் வேகம் அல்ல. உங்கள் பதிவு ஒவ்வொன்றும் ஒரு மார்க்டவுன் கோப்பாக உங்கள் கணினியிலேயே இருக்கும். மார்க்டவுன் 2004-இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட எளிய எழுத்துமுறை, எந்த எடிட்டரிலும் திறக்கும். நாளை ஹ்யூகோவே இல்லாமல் போனாலும் கோப்பு உங்களிடம்தான். கிட்ஹப் பேஜஸில் ஒரு தளம் 1 ஜிபி வரை இருக்கலாம், மாதத்துக்கு 100 ஜிபி வரை போக்குவரத்து என்று மென்மையான வரம்பு. உங்களைப் போன்ற எழுத்துத் தளத்துக்கு இது தாராளம். ஒரு எச்சரிக்கை மட்டும்: தீம் தேடுவதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். 'இந்த வலைப்பதிவை எப்படி அமைத்தேன்' என்று ஒரே ஒரு பதிவோடு நின்றுபோன தளங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும்.

மாற்றும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். பிளாகர் தரும் எக்ஸ்எம்எல் கோப்பிலும் படங்களின் முகவரிகள்தான் இருக்கும், படங்களைத் தனியாக இறக்க வேண்டும். அடுத்தது பதிவின் முகவரி. தலைப்பு முழுதும் தமிழில் இருந்தால் பிளாகர் அதை விட்டுவிட்டு 'பிளாக்-போஸ்ட்' என்று வெறும் பெயரும் ஒரு எண்ணும் வைத்திருக்கும். பார்க்க நன்றாக இல்லைதான், ஆனாலும் பழைய 63-க்கும் ஆண்டு, மாதம் உட்பட அதே முகவரியை அப்படியே வைத்திருங்கள். ஹ்யூகோவில் ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் முகவரியை எழுதி வைக்கலாம். புதிய பதிவுகளுக்கு ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லில் முகவரி கொடுங்கள். தமிழ் முகவரி பிரவுசரில் அழகாகத் தெரியும், ஆனால் காப்பி செய்து ஒட்டினால் 'கணினி' என்ற ஒரு சொல்லே 45 குறிகளாக நீண்டுவிடும். அதை மின்னஞ்சலில் அனுப்பினால் பாதியில் உடைய வாய்ப்பு உண்டு.

தினம் இரண்டு பதிவை மாற்றினாலும் சுமார் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். அதுவரை பிளாகரில் எழுதுவதை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஒரே கட்டுரையை என் தளத்திலும், டெவ் டாட் டூ (நிரல் எழுதுகிறவர்களின் கட்டுரைத் தளம்), மீடியம் போன்ற இடங்களிலும் போட்டால் கூகுள் தண்டிக்குமா? - இன்னொரு வாசகர்

பதில்: தண்டிக்காது. ஆனால் பல நகல்களில் எதை முன்னால் காட்டுவது என்று அது தேர்ந்தெடுக்கும், அது உங்கள் தளமாக இல்லாமல் போகலாம். இதற்காகத்தான் 2009-இல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 'கனானிகல்' குறிப்பைக் கொண்டுவந்தன. 'மூலம் இங்கே இருக்கிறது' என்று பக்கத்தின் தலைப்பகுதியில் சொல்லும் வரி அது. டெவ் டாட் டூவில் கட்டுரைக்கு மேலே அதை எழுத இடம் உண்டு. மீடியத்தில் இம்போர்ட் வசதி வழியாகக் கொண்டுபோனால் தானாகவே வைத்துவிடும். முதலில் உங்கள் தளத்தில் போட்டு, சில நாள் விட்டு மற்ற இடங்களில் போடுங்கள். அங்கே வாசகர் கூட்டம் இருக்கிறது, அதை விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: வலைப்பதிவே வேண்டாம், சப்ஸ்டாக் என்ற சேவையில் மின்னஞ்சல் மடல் தொடங்கு என்கிறார்கள். நிரல் எழுதுகிறவருக்கு அது சரிவருமா? - ஒரு கல்லூரி மாணவி

பதில்: மடலை வாசகருக்கு அறிவிப்பாக வைத்துக்கொள்ளுங்கள், முழுப் பதிவையும் அதில் திணிக்க வேண்டாம். 102 கேபிக்கு மேல் போகும் மடலை ஜிமெயில் பாதியில் வெட்டி, மீதியைப் பார்க்க ஒரு இணைப்பைக் காட்டும். நீளமான நிரல்கள் இருந்தால் அந்த அளவை எட்டுவது கஷ்டமில்லை. கட்டணச் சந்தா வாங்கினால் சப்ஸ்டாக் 10 சதவீதம் எடுத்துக்கொள்ளும், இலவச மடலுக்கு எதுவும் எடுக்காது. சந்தாதாரர் பட்டியலை அங்கிருந்து கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை இறக்கி, உங்கள் பதிவுகளின் மூலக் கோப்புகள் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.