அக்காவுக்குச் சின்னம்மை போட்டிருக்கிறது, தம்பிக்கு இப்போது தடுப்பூசி போடலாமா?

போடலாம், ஆனால் தாமதிக்காதீர்கள். தம்பிக்கு 2 வயது, இதுவரை ஊசியும் போடவில்லை, அம்மையும் வந்ததில்லை என்கிறீர்கள். தொற்று பட்ட 3 நாளுக்குள், அதிகபட்சம் 5 நாளுக்குள் போட்டால் நோய் வராமல் போகலாம், வந்தாலும் லேசாக வரும். இன்றே குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

அவசரத்துக்குக் காரணம், முதல் கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே சின்னம்மை பரவத் தொடங்கிவிடும். அக்காவின் முதுகைப் பாருங்கள்: சிவந்த புள்ளி, நீர்த்துளி போன்ற கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றும் ஒரே நேரத்தில் இருக்கும். எல்லாம் பொருக்காகும்வரை அவளிடமிருந்து தொற்றும். தம்பியை 21 நாள் கவனியுங்கள்.

இந்த ஊசியும் ஒரு தகப்பனின் தவிப்பில் பிறந்ததுதான். தன் சின்ன மகன் அம்மையில் துடித்ததைப் பார்த்த ஜப்பானிய மருத்துவர் மிச்சியாகி தக்காஹாஷி, வைரஸை வலுவிழக்கச் செய்து 1974-ல் இதை உருவாக்கினார். இரண்டு தவணை போட்டால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பாதுகாப்பு. உயிருள்ள வைரஸ் என்பதால் கர்ப்பிணிகளுக்குப் போடக்கூடாது.

அப்புறம், வேப்பிலை கட்டுங்கள், அம்மனைக் கும்பிடுங்கள், அதில் தவறே இல்லை. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், மூளையையும் கல்லீரலையும் பாதிக்கக்கூடும். மூச்சு வாங்கினாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.