வாடல் கிருமி உரம் போடுமா?

அன்புள்ள ஐயா,

பயறு வகைகளின் வேர்முடிச்சு பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். முடிச்சு போடும் மரபணுக்கள் பல பாக்டீரியாக்களில் குரோமோசோமில் இல்லை, பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில் இருக்கின்றன, அது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்கிறீர்கள். அப்படியானால் எங்கள் தக்காளியை வாடவைக்கும் கிருமிக்கு அந்த வளையம் கிடைத்தால் அதுவும் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்குமா? விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

செ., ஒட்டன்சத்திரம்

அன்புள்ள செ.,

கொடுத்தே பார்த்துவிட்டார்கள். பிரான்சில், துலூஸ் நகரத்து ஆய்வகம் ஒன்றில். நீங்கள் சொல்லும் அதே கிருமிதான், ரால்ஸ்டோனியா சோலனேசியாரம்.

வளையம் வந்தது குப்ரியாவிடஸ் தைவானென்சிஸ் என்ற பாக்டீரியாவிடமிருந்து. நம் வரப்போரத்துத் தொட்டாற்சிணுங்கியும் பயறுக் குடும்பம்தான். அதன் வேரில் முடிச்சு போடுகிற பாக்டீரியா இது. 2001இல் முதலில் பெயர் வைத்தபோது இதையும் ரால்ஸ்டோனியா என்றுதான் அழைத்தார்கள், அவ்வளவு நெருங்கிய சொந்தம். வளையத்தின் நீளம் சுமார் 5.5 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள். வேரை அழைக்கும் சமிக்ஞையைச் செய்யும் மரபணுக்களும் நைட்ரஜனைப் பிடிக்கும் மரபணுக்களும் அதிலேயே இருக்கின்றன.

வளையம் ஏறிய வாடல் கிருமியைத் தொட்டாற்சிணுங்கி நாற்றுகளுக்கு ஊற்றினார்கள். ஒரு முடிச்சும் வரவில்லை. ஏராளமான நாற்றுகளில் திரும்பத் திரும்ப ஊற்றிய பிறகு மூன்றே மூன்று வகைகள் முடிச்சு போட்டன. அவற்றின் மரபணுத் தொகுதியைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. இந்தக் கிருமி ஊசி போன்ற ஓர் உறுப்பால் செடியின் செல்லுக்குள் தன் புரதங்களைச் செலுத்தும். நோய் உண்டாக்க அதற்கு அந்த ஊசி வேண்டும். முடிச்சு போட்ட வகைகளில் ஊசியைச் செய்யும் மரபணுவோ, அதை இயக்கும் தலைமை மரபணுவோ பழுதாகியிருந்தது. கல்யாண வீட்டுக்குப் பத்திரிகையோடு அரிவாளையும் எடுத்துப் போனால் யார் உள்ளே விடுவார்கள்? அரிவாளைப் போட்ட பிறகுதான் பத்திரிகை செல்லுபடியானது. 2010இல் வெளிவந்த ஆய்வு இது.

அப்புறம் முடிச்சுகளைப் பறித்து, நசுக்கி, உள்ளே இருந்ததைப் புது நாற்றுகளுக்கு ஊற்றி, மறுபடி பறித்து, இப்படியே 16 சுற்று ஓட்டினார்கள். முடிச்சு போடுவதில் கிருமி நன்றாகத் தேறியது, செடியின் செல்லுக்குள்ளும் குடியேறியது. நைட்ரஜன் மட்டும் கொடுக்கவில்லை. ஆக, உங்கள் கேள்விக்கு இப்போதைய பதில்: முடிச்சு போடும், உரம் போடாது.

எனக்கு இதைவிடப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. அந்த வளையத்திலேயே, டிஎன்ஏவைப் பிழையோடு நகலெடுக்கும் நொதிகளுக்கான மரபணுக்களும் இருக்கின்றன. நெருக்கடி வந்தால் அவை விழித்துக்கொள்ளும். புதுச் செல்லின் குரோமோசோமில் பிழைகள் கூடும். பெரும்பாலானவை வீண்தான், ஆனால் ஊசியை முடக்குவது போன்ற ஒரு பிழை சீக்கிரம் விழவும் வாய்ப்பு கூடுகிறது. போகிற இடத்தைத் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வளையமே வழி வைத்திருக்கிறது. இப்படி நடக்க வேண்டும் என்று அது திட்டம் போட்டதாக நினைக்க வேண்டாம். இந்த மரபணுக்கள் கூடவே வந்த வளையங்களுக்குப் புது இடத்தில் காலூன்றுவது எளிதாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

வாங்குகிறவர் இதைவிடவும் நெருங்கிய உறவாக இருந்தால் இத்தனை பாடு இல்லை. நியூசிலாந்தில் லோட்டஸ் என்ற தீவனப் பயிருக்கு ஒரே வகை பாக்டீரியாவை இட்டு விதைத்தார்கள். ஏழு வருடம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலான முடிச்சுகளில் இருந்தவை வேறு வகைகள், ஆனால் முடிச்சு மரபணுக்கள் மட்டும் இட்ட வகையுடையவை. மண்ணில் சும்மா இருந்த, இட்ட வகைக்கு நெருங்கிய உறவான மீசோரைசோபியம் என்ற பாக்டீரியா வகைகள் அவற்றை வாங்கிக்கொண்டிருக்கின்றன. (அங்கே தாவியது வளையம் அல்ல, குரோமோசோமில் செருகிக்கொள்ளும் 5 லட்சம் எழுத்துத் துண்டு.) மேற்கு ஆஸ்திரேலியாவில் இன்னொரு தீவனப் பயிரில் இதே கதை நடந்தபோது, புதிதாக வந்த சில வகைகள் முடிச்சு போட்டுவிட்டு நைட்ரஜனைச் சரியாகக் கொடுக்கவில்லை. உறவு நெருக்கம் மட்டும் போதாது போல.

சரி, உங்கள் தக்காளிக்கு வருவோம். வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போல ஒரு நூல் இறங்கினால், அது இந்தக் கிருமிதான். அந்த நிலத்தில் கொஞ்ச காலத்துக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டாம். சோளமோ மக்காச்சோளமோ போடுங்கள்.